குளிர்காலத்தில் பூனையைச் சீவுதல்: நிலைமின்சாரத்தைத் தணிக்கும் வழிகள்

வீட்டில் ஃபர்னஸ் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே, அதுவரை சீப்புக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்த பூனை சீப்பைக் கண்டாலே நழுவத் தொடங்குகிறது. காரணம் புரியாமல் பலர் அதன் குணம் மாறிவிட்டதாக நினைக்கிறார்கள். குணம் மாறவில்லை. சீப்பு இரண்டு முறை இறங்கியதும் சடசடவென்று மெல்லிய சத்தம் கேட்கிறது. முதுகு முடி குத்திட்டு எழுந்து சீப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சமாதானப்படுத்தத் தலையைத் தடவப் போனால் விரல் நுனிக்கும் காதுக்கும் இடையே 'பட்' என்று ஒரு பொறி தெறிக்கிறது. நமக்கே சுருக்கென்று இருக்கும் அந்த அடி, ஈரமான மூக்கிலோ மெல்லிய காது மடலிலோ விழுந்தால் பூனை எளிதில் மறக்காது. சீப்பையும் சீவிய கையையும் உட்கார்ந்த இடத்தையும் அந்த வலியோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும்.

அதற்காகக் குளிர்காலம் முழுக்கச் சீவாமல் விடவும் முடியாது. உதிர்ந்த முடி உடலிலேயே தங்கும். நீள முடிப் பூனைகளுக்கு அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழும். நாக்கால் நக்கிச் சுத்தம் செய்யும்போது அந்த முடியெல்லாம் வயிற்றுக்குள் போய், உருண்டையாகத் திரண்டு வாந்தியில் வெளிவரும்.

கனடா போன்ற நாடுகளில், ஐந்து மாதம் ஜன்னலைத் திறக்காமல் சூடேற்றிய வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். இதன் அடிப்படை ஒரே விதி: காற்றை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், உங்கள் கையையும் சீப்பையும் மாற்றுங்கள், பூனையின் மேல் எதையும் பூசாதீர்கள். பூனையின் முடியில் படும் எதுவும் அன்றைக்கே அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

குளிர்காலத்தில் மட்டும் ஏன்?

பள்ளி ஆய்வகத்தில் எபோனைட் தண்டை விலங்கின் உரோமத்தில் தேய்த்து, காகிதத் துணுக்குகளை அது இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேய்க்கும்போது உரோமத்திலிருந்து எலக்ட்ரான்கள் தண்டுக்குப் போகின்றன. தண்டு எதிர்மின்னூட்டம் பெறுகிறது, உரோமம் நேர்மின்னூட்டம் பெறுகிறது. பிளாஸ்டிக் பிரஷ்ஷால் பூனையைச் சீவுகிறவர் செய்வதும் இதே சோதனைதான். ஒரே வகை மின்னூட்டம் பெற்ற முடிகள் ஒன்றையொன்று விலக்குவதால் முடி சிலிர்த்து நிற்கிறது. எதிர்வகை மின்னூட்டம் கொண்ட பிரஷ் அதே முடியைத் தன் பக்கம் இழுக்கிறது.

கோடையிலும் இது நடக்கிறது. ஆனால் காற்றில் ஈரம் இருந்தால் முடியின் மேலும் துணியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிந்திருக்கும். சேரும் மின்னூட்டம், ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல, அதன் வழியே அவ்வப்போது கசிந்து போய்விடும். குளிர்காலத்தில் அந்தக் கசிவு அடைபட்டுவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். வெளியே −10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 2 கிராம் சொச்சம் நீராவியைத்தான் வைத்திருக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை வைத்திருக்க இடமுண்டு. இருப்பதோ பழைய 2 கிராம்தான். அதாவது ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு அருகில் விழுந்துவிடுகிறது. சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் ஏற்றும். அப்படியும் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை நிலைமின்சாரம் தலைதூக்கிக்கொண்டே இருக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பூனை வளர்த்தவர்கள் இந்தத் தொல்லையைப் பெரிதாகச் சந்தித்திருக்க மாட்டார்கள். கடலோரக் காற்றின் ஈரம் மார்கழியிலும் அவர்களுக்குத் துணையிருந்தது.

ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் காற்றைத் தாண்டிப் பொறி பாய ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பாயும் மின்னூட்டம் மிகச் சிறியது, நொடியின் மிகச் சிறு பகுதியில் தீர்ந்துவிடும். உயிருக்கோ உடலுக்கோ அதனால் ஆபத்தில்லை. உண்மையான சேதம் பூனையின் நம்பிக்கைக்குத்தான்.

முதலில் காற்று

முதல் செலவு ஓர் ஈரப்பதமானியாக இருக்கட்டும். கைக்கடக்கமான டிஜிட்டல் கருவி போதும். பூனை அதிக நேரம் இருக்கும் அறையில், ஹீட்டர் காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். 40 சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது.

ஃபர்னஸோடு இணைந்த ஹியூமிடிஃபையர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். அதன் நீர்க்குழாய் வால்வு கோடையில் மூடியபடியே மறக்கப்பட்டிருப்பதுண்டு. உள்ளிருக்கும் பஞ்சு போன்ற அட்டையைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள், பூனையைச் சீவும் ஒரே அறைக்கு ஒரு சிறிய ஹியூமிடிஃபையர் வாங்கினால் போதும். குளிர்ந்த நீராவி விடும் வகையை வாங்குங்கள். கொதிநீர் வகையைப் பூனை தட்டிவிட்டால் சுட்டுவிடும். அல்ட்ராசோனிக் வகையில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், அதிலுள்ள உப்புகள் வெண்தூளாகப் பறந்து மேசையிலும் பூனையின் முடியிலும் படியும். காய்ச்சி வடித்த நீரே அதற்குச் சரி. தொட்டியைத் தினமும் காலிசெய்து, வாரம் ஒருமுறையாவது நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஈரத்தை அளவுக்கு மீறி ஏற்றவும் கூடாது. ஜன்னல் கண்ணாடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்தால் குறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் சட்டத்தின் ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெளியே −20 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் 30 சதவீதத்தோடு திருப்திப்பட வேண்டியிருக்கும். அந்த நாட்களில் கையும் சீப்பும்தான் கைகொடுக்க வேண்டும்.

செலவில்லாத வழியும் உண்டு. குளித்து முடித்ததும் குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள். துவைத்த துணியில் கொஞ்சத்தை அறைக்குள்ளேயே கொடியில் உலர்த்துங்கள். வீட்டில் யாராவது வெந்நீரில் குளித்த கையோடு, அந்த ஈரம் இன்னும் காற்றில் இருக்கும்போதே, குளியலறையிலேயே பூனையைச் சீவிவிடலாம். இருப்பதிலேயே எளிதான வழி இதுதான். டைல்ஸ் தரையும் உலோகக் குழாயும் ஈரக் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

இடமும் உடையும்

நைலான் கார்ப்பெட்டில் கம்பளிக் காலுறையோடு நடந்து வந்து, ஃபிளீஸ் போர்வையில் படுத்திருக்கும் பூனையை, பாலியெஸ்டர் ஸ்வெட்டரோடு தூக்கி மடியில் வைத்தால், சீப்பை எடுக்கும் முன்பே இருவர் உடலிலும் மின்னூட்டம் ஏறியிருக்கும். டைல்ஸ் தரையிலோ மரத்தரையிலோ வெறுங்காலோடு உட்காருங்கள். கால் சில்லிடும் என்றால் பருத்திக் காலுறை போடலாம். ரப்பர் அடி வைத்த செருப்பு வேண்டாம். மேலே பருத்திச் சட்டை. மடியில் பழைய பருத்தி வேட்டியையோ குற்றாலத் துண்டையோ நாலாக மடித்து விரியுங்கள். காற்று மிக வறண்டிருக்கும் நாளில் அந்தத் துண்டின் மேல் ஒரு கை தண்ணீரைத் தெளித்து, நன்றாகப் பரவியதும் பூனையை விடுங்கள்.

எந்தச் சீப்பு?

வீட்டில் இருக்கும் நைலான் பிரஷ்ஷும் பிளாஸ்டிக் சீப்பும் ஏப்ரல் வரை ஓய்வெடுக்கட்டும். ரப்பர், சிலிக்கோன் கையுறைகளும் கோடைக்குத்தான் உகந்தவை. உதிர்ந்த முடியை நன்றாக இழுத்தாலும், வறண்ட காற்றில் அவையும் மின்னூட்டத்தை ஏற்றிவிடும்.

குளிர்காலத்துக்கு ஏற்றது, கைப்பிடி உட்பட முழுவதும் ஸ்டீலால் ஆன சீப்பு. ஒரு பாதி பல் அகலமாகவும் மறுபாதி நெருக்கமாகவும் இருக்கும் வகை கடைகளில் எளிதாகக் கிடைக்கும். உலோகத்தை வெறுங்கையால் பிடித்துச் சீவும்போது மின்னூட்டம் ஓரிடத்தில் தேங்காமல் உங்கள் உடல் வழியே தரைக்கு இறங்க வழி கிடைக்கிறது. பிடி பிளாஸ்டிக்காக இருந்தால் ஒரு விரலாவது உலோகப் பகுதியைத் தொட்டிருக்கட்டும். குட்டை முடிப் பூனைக்கு, மரப்பிடியும் இயற்கை மயிரும் கொண்ட பிரஷ் மேல்முடியை மென்மையாகப் படியவைக்கும்.

பல் முனைகளை உங்கள் முன்கையில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கீறினால் பூனைக்கும் கீறும்.

சீவும் முறை

1. கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் ஒற்றியெடுங்கள். சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கையில் ஈரப்பசை இருக்க வேண்டும்.

2. பூனையைத் தொடுவதற்கு முன் உலோகக் குழாயையோ, சமையலறை ஸ்டீல் தொட்டியையோ தொடுங்கள். ஒரு சாவியைப் பிடித்து அதன் முனையால் தொட்டால் பொறி சாவியில் தெறிக்கும், விரலில் உறைக்காது. உங்களிடம் சேர்ந்திருப்பது அங்கேயே இறங்கிவிடும்.

3. முதல் தொடுகை விரல் நுனியால் மூக்கிலோ காதிலோ வேண்டாம். உள்ளங்கை முழுவதையும் தோள்பட்டையில் படிய வையுங்கள். மிச்ச மின்னூட்டம் இருந்தாலும் அது ஒரு புள்ளியில் குவிந்து குத்தாமல் பரவலாக இறங்கும்.

4. அந்த ஈரக் கையாலேயே கழுத்திலிருந்து வால்வரை இரண்டு மூன்று முறை மெல்ல நீவுங்கள். பூனைக்குத் தேவையான ஈரம் இவ்வளவுதான். ஸ்பிரே பாட்டிலைப் பூனையை நோக்கி அழுத்தவே அழுத்தாதீர்கள். அந்த 'புஸ்' சத்தம், இன்னொரு பூனை சீறுவதுபோல அதன் காதில் விழும். தெளிக்கத்தான் வேண்டுமென்றால் வேறு அறையில் சீப்பின் மேல் தெளித்துத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.

5. இனி ஒரு கை பூனையின் உடலைவிட்டு எடுபடவே கூடாது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். இருவர் உடலும் தொட்டபடியே இருந்தால் இருவருக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு பெரிதாக வளராது. பொறி பாயவும் காரணம் இருக்காது. கையை எடுத்து எடுத்து மீண்டும் தொடும்போதுதான் 'பட்' என்று அடிக்கிறது.

6. அகலப் பல்லால் தொடங்குங்கள். முடி படியும் திசையில், ஒரு சாண் தூரத்துக்கு மேல் போகாமல், மெதுவாக இழுங்கள். சீப்பை வெடுக்கென்று எடுக்காதீர்கள். இரண்டு பொருள்கள் பிரியும் கணத்தில்தான் மின்னூட்டம் வெளிப்படுகிறது. நிதானமாகப் பிரித்தால் கசிந்து போக அதற்கு நேரம் கிடைக்கும்.

7. ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை சீப்பில் சேர்ந்த முடியை எடுத்துவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் பல்லைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

8. முதுகு முடிந்ததும் நெருக்கமான பல்லுக்கு மாறி, காதுக்குப் பின்புறம், கழுத்தடி, அக்குள், பின்னங்காலின் உள்பக்கம் என்று போகலாம். வால் எலும்பும் வயிறும் கூச்சம் மிகுந்த இடங்கள். பூனை இடங்கொடுத்தால் மட்டும் தொடுங்கள்.

9. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். நீள முடிப் பூனைக்குத் தினமும் இந்தச் சில நிமிடங்கள். குட்டை முடிக்கு வாரம் ஓரிரு முறை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் சீவுவதைவிட இது பலமடங்கு பலன் தரும்.

இடையில் பூனையின் உடலைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வால் நுனி படக் படக்கென்று அடிப்பது, காது பக்கவாட்டில் மடங்குவது, சீப்பு போன வழியில் தோல் அலையாக ஓடுவது, இவை போதும் என்பதற்கான அடையாளங்கள். அடுத்தது நகம் வரும். அதற்கு முன்பே சீப்பைக் கீழே வையுங்கள்.

சிக்கு விழுந்திருந்தால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சிக்கை மேலே இழுக்கும்போது அதோடு சேர்ந்து தோலும் கூடாரம்போல எழும்பி வரும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பூனையின் தோல் மிக மெல்லியது, ஒரு வெட்டு தையல்வரை போய்விடும். சிறிய சிக்கை விரலால் இழையிழையாகப் பிரிக்கலாம். தோலோடு ஒட்டிய சிக்கை, மின்கத்தரி வைத்திருக்கும் தேர்ந்த கையிடம் விட்டுவிடுவதே நல்லது.

பூசக் கூடாதவை

நிலைமின்சாரத்துக்கு என்று சொல்லப்படும் கைவைத்தியங்களில் சில பூனைக்கு உண்மையாகவே தீங்கானவை. இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும்.

ட்ரையர் ஷீட். துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடும் இந்தத் தாளால் பூனையின் முதுகைத் துடைத்தால் முடி படிந்துவிடும் என்பது பரவலான யோசனை. முடி படியத்தான் செய்யும். அப்படிப் படியவைப்பது அந்தத் தாளிலுள்ள நேரயனி வேதிப்பொருள்கள். முடியில் ஒட்டிய அவற்றைப் பூனை நக்கும்போது நாக்கிலும் வாயிலும் புண்ணாகி, எச்சில் வடிந்து, சாப்பிட முடியாமல் போகக்கூடும். ஒருமுறை உபயோகித்த தாளிலும் அந்த வேதிப்பொருள் மிச்சம் இருக்கும். தாளைப் பூனையின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். பூனையின் படுக்கைத் துணியையும் அது போடாமல் உலர்த்துங்கள்.

தைலங்கள். சளி பிடித்தால் வெந்நீரில் யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடிப்பது நம் வீட்டு வழக்கம். அதே பழக்கத்தில் ஹியூமிடிஃபையர் தண்ணீரிலும் சில துளி விடுகிறவர்கள் உண்டு. பூனை இருக்கும் வீட்டில் வேண்டாம். இத்தகைய பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஒரு முக்கியமான வேதிவழி பூனையின் கல்லீரலில் மிகப் பலவீனமானது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் காரணம் இதுதான். யூகலிப்டஸ், டீ ட்ரீ போன்ற எண்ணெய்களும், கற்பூரம் கலந்த தைலங்களும் பூனைக்கு நஞ்சு. நீராவியோடு பறந்து முடியில் படிந்தால் அதுவும் நாக்கு வழியே உள்ளே போகும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்து வளர்ந்த கைகளுக்கு இது இயல்பாகத் தோன்றும். தேங்காய் எண்ணெய் நஞ்சில்லைதான். ஆனால் முடியைப் பிசுபிசுப்பாக்கித் தூசியை இழுக்கும். நக்கி உள்ளே போனது வயிற்றுப்போக்காக வெளிவரும். பூனையின் தோல் தன் எண்ணெயைத் தானே சுரந்துகொள்கிறது. அதை முடி முழுக்கப் பரப்புவதற்குத்தான் நாம் சீவிவிடுகிறோம்.

நமக்கான கண்டிஷனர், உடற்பூச்சு, வாசனைத் தெளிப்பு. இவையும் வேண்டாம். பூனைக்கென்று தயாரித்த, கழுவ வேண்டாத கண்டிஷனர்கள் இருக்கின்றன. கால்நடை மருத்துவர் பரிந்துரைத்தால் அதில் சிறிதளவைச் சீப்பில் தடவிப் பயன்படுத்தலாம். வறட்சிக்குக் குளிப்பாட்டுவது தீர்வாகாது. சோப்பு அந்த இயற்கை எண்ணெயை அகற்றித் தோலை மேலும் வறட்டும்.

உள்ளிருந்து ஈரம்

உலர் உணவில் சுமார் 10 சதவீதமே தண்ணீர். டின்னில் வரும் ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம். உலர் உணவு மட்டும் தின்னும் பூனைக்குக் குளிர்காலத்தில் ஒரு வேளையாவது ஈர உணவு கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை உணவுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

வால் அடியில், இடுப்புக்கு மேலே முடியைப் பிளந்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைச் செதில்கள் அங்கே அதிகமாகவும் தோள்பக்கம் குறைவாகவும் இருந்தால், பூனையின் நாக்கு அந்த இடத்துக்கு எட்டவில்லை என்று பொருள் கொள்ளலாம். உடல் பருத்த பூனைகளும் மூட்டு வலியுள்ள முதிய பூனைகளும் அப்படித்தான் இருக்கும். எடையையும் மூட்டையும் மருத்துவரிடம் காட்டினால் முடியும் சேர்ந்து தேறும். மீன் எண்ணெயை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். காட் மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதிலுள்ள வைட்டமின் ஏ உடலில் மிகுந்தால் தீங்கு. ஆளி விதை எண்ணெயைப் பூனையின் உடல் சரிவரப் பயன்படுத்திக்கொள்ளாது.

செதில்கள் நகர்வதுபோலத் தெரிந்தாலும், வட்டமாக முடி கொட்டினாலும், தோல் சிவந்திருந்தாலும், சீப்பே படாதபோதும் முதுகுத்தோல் துடித்துப் பூனை தன் வாலையே துரத்திக் கடித்தாலும், அது நிலைமின்சாரம் இல்லை. உண்ணியோ, படர்தாமரையோ, நரம்பு சம்பந்தமான தொல்லையோ, வலியோ இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்கெனவே பயந்துபோன பூனைக்கு

சீப்பைக் கண்டு ஓடும் பூனையைப் பிடித்து அழுத்திச் சீவினால் அடுத்த குளிர்காலமும் வீணாகும். முதலில் அறையின் ஈரப்பதத்தைச் சரிசெய்யுங்கள். பழைய பிரஷ்ஷை ஒளித்துவிட்டு, புதிய ஸ்டீல் சீப்பை உணவுக் கிண்ணத்துக்கு அருகில் சும்மா வையுங்கள். பூனை அதை முகர்ந்து பார்த்து, அதன் ஓரத்தில் கன்னத்தைத் தேய்க்கும்வரை காத்திருங்கள். பிறகு சில நாட்கள் ஈரக் கையால் மட்டும் நீவிவிடுங்கள். அடுத்து, சீப்பின் முதுகுப்பக்கத்தால் ஒரு நீவல், உடனே பிடித்த தின்பண்டம். அதன்பின் பல்லால் ஒரே ஓர் இழுப்பு. எழுந்து போக நினைத்தால் போகவிடுங்கள். போக முடியும் என்று தெரிந்த பூனைதான் தானாகத் திரும்பி வரும். சில பூனைகளுக்கு ஒரு வாரம் போதும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். அந்த அவகாசத்தைக் கொடுங்கள். வலியில்லை என்று பூனை தானே அறிந்துகொள்ள வேறு குறுக்குவழி கிடையாது.